ஆறு மூலை வீட்டுக்கு யார் சொந்தக்காரர்

மூத்தவளே, சின்னவளே, கடைக்குட்டியே,

உங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒரு மேசன் எழுதுவது. எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொண்டு வாசியுங்கள். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

போன மாதம் மூத்தவள் தன்னோடு படிக்கிற பிள்ளைகளுக்கு நம் வீட்டுப் படத்தைக் காட்ட, அவர்கள் "இது என்ன, தண்ணீர்த் தாங்கியா?" என்று கேட்டார்களாம். அன்று இரண்டு கேள்வி கேட்டாய், மகளே. வீட்டுக்கு ஏன் இத்தனை மூலை என்பது ஒன்று. நீங்கள் சிறியவர்களாக இருந்தபோது அம்மா ஏன் இதை எப்போதும் 'உங்கட அப்பாட வீடு' என்றே சொல்லுவா என்பது மற்றது. முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: ஒரு படித்த மனிதர் ஆராய்ச்சி செய்தார். இரண்டாவதுக்குப் பதில் கஷ்டம், ஏனென்றால் அதில் குற்றவாளி நான்.

சுனாமிக் கடல் வந்த அன்று நாம் எப்படித் தப்பினோம் என்பதை அம்மா பல தடவை சொல்லியிருக்கிறாள். நான் திரும்ப எழுதவில்லை. நாம் தப்பினோம், வீடு தப்பவில்லை. அது அம்மாவின் சீதன வீடு. நம் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்பிள்ளைக்குத்தான். தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆண் என்பவன் ஒரு பையோடு வந்து சேருகிறவன். நானும் களுவாஞ்சிக்குடியிலிருந்து பனிச்சங்கேணிக்கு அப்படித்தான் வந்தேன். பையில் உடுக்கிற சாரம் இரண்டும் சாந்து பூசுகிற சாந்தகப்பை ஒன்றும் இருந்தன. அந்த வீட்டின் கூரையை நான்தான் மாற்றினேன், தரையை நான்தான் பூசினேன். ஆனாலும் ஒருநாளும் 'என்ட வீடு' என்று வாயில் வந்ததில்லை. அப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள்.

கடற்கரையோரம் இனி யாரும் வீடு கட்டக் கூடாது என்று மேலே எங்கேயோ முடிவெடுத்தார்கள். சீதன வீடு போனது பத்தாதென்று அது நின்ற சீதன வளவும் போயிற்று. வாவிப் பக்கமாக உள்ளே தள்ளிப் புதிய காணி தருவோம் என்றார்கள். தரும்வரைக்கும் தகரக் கொட்டில். பகல் பதினொரு மணிக்கு அதற்குள் அரிசியைக் கழுவிப் போட்டால் அடுப்பில்லாமலே வெந்திருக்கும். கடைக்குட்டி, நீ அப்போது கைக்குழந்தை. உன் முதுகெல்லாம் வேர்க்குரு. இரவும் பகலும் அழுவாய்.

அந்தக் காலத்தில் நம் பக்கத்துக்கு உதவி செய்ய வராத ஆள் இல்லை. பல் துலக்கக் கற்றுத் தந்தார்கள், கை கழுவக் கற்றுத் தந்தார்கள், கவலைப்படக்கூடக் கற்றுத் தந்தார்கள். அந்த வரிசையில்தான் அவரும் வந்தார். நாங்கள் 'இஞ்சினியர் ஐயா' என்போம். உடனே திருத்துவார்: "நான் இஞ்சினியர் இல்லை, கட்டடக் கலைஞர்." நாங்கள் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் இஞ்சினியர் ஐயா என்போம். கொழும்பில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. நல்ல மனிதர், அதை முதலே சொல்லிவிடுகிறேன். வெயிலில் தொப்பிகூட இல்லாமல் நிற்பார். எங்களை 'நீங்கள்' என்றுதான் பேசுவார். ஆனால் எங்களைப் பார்த்ததைவிடத் தன் கையிலிருந்த காகித மட்டை வீட்டைத்தான் அதிகம் பார்த்தார்.

அது ஒரு சின்ன மட்டைப் பெட்டி, ஆறு பக்கம். அதைப் போல இன்னும் பத்துப் பெட்டி வைத்திருந்தார். எல்லாவற்றையும் நிலத்தில் வைத்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக் காட்டினார்.

"இதுதான் அலகு. மூன்றடிக்கு மூன்றடிக் கொங்கிறீட் பலகை. ஒரே அச்சில வார்க்கலாம். ஒரு சுவருக்கு ஒன்பது பலகை. ஆறு சுவர் ஓர் அறை. ரெண்டு அறை ஒரு வீடு. நட்டும் போல்ட்டும் போட்டுப் பூட்டுறதுதான். ஆறு பேர் நிண்டா ஆறு நாளில ஒரு வீடு முடியும்."

ஆறு மூலை, ஆறு பேர், ஆறு நாள். கேட்க மந்திரம் மாதிரித்தான் இருந்தது.

"ஏன் சேர் ஆறு பக்கம்? நாலு பக்கம் எண்டா என்ன குறை?" என்று கேட்டவள் பக்கத்துக் கொட்டில் மீன்கார அக்கா. அவவுக்கு யாரிடமும் பயமில்லை.

"தேன்கூட்டைப் பாருங்கள் அம்மா. குறைஞ்ச பொருளில கூடின இடம். தேனீக்கள் இதை எப்பவோ கண்டுபிடிச்சிட்டுது."

"தேனீக்கு அலுமாரி இல்லையே, சேர். கட்டிலும் இல்ல."

சனம் சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் கொப்பியில் எழுதிக்கொண்டார். 'மக்கள் தளபாடங்கள் பற்றிக் கவலைப்படுகிறார்கள்' என்று எழுதியிருப்பார் போலும்.

பிறகு பெட்டிகளை நகர்த்திக் குடும்பம் எப்படிப் பெருகும், வீடு எப்படிக் கூடவே வளரும் என்று காட்டினார். இதுதான் அவருடைய ஆராய்ச்சியின் உச்சி. ஒரு பெட்டியைப் பக்கத்தில் ஒட்டினார்.

"மகன் கல்யாணம் முடிச்சால் மருமகளோட இந்த அறையில இருப்பார். ரெண்டாவது மகன் முடிச்சால் இந்தப் பக்கம் ஒண்டு."

சனம் ஒருவரையொருவர் பார்த்தது. பிறகு மீன்கார அக்கா மெதுவாகச் சொன்னா: "மகன் முடிச்சாப் போயிருவான், சேர். மகள் முடிச்சாத்தான் ஆள் வரும்."

"அப்படியா? சரி, அப்ப மகளுக்கு இந்த அறை. நீங்கள் இந்த அறை."

"இல்லையே. மகள் முடிச்சா வீடு அவளுக்கு. நாங்க பின்னால ஒரு குடில் போட்டுக்கிட்டு இருப்பம்."

"உங்களை வெளியேற்றுவார்களா?" அவர் முகம் வாடிப்போயிற்று. எங்கள் பெண்பிள்ளைகள் அத்தனை கொடுமைக்காரிகள் என்று அன்றைக்கு ஒரு பக்கம் எழுதினார்.

இன்னொரு ஆசையும் அவருக்கு இருந்தது. ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவராக, கொட்டிலிலிருந்த பதினைந்து குடும்பத்தையும் தேன்கூடு மாதிரி ஒட்டிவிடுவது. சீமெந்து எவ்வளவு மிச்சம் என்று கணக்கும் வைத்திருந்தார். "சேர், அப்ப வேலி எங்க போடுறது?" என்று நான் கேட்டேன். வேலி தேவையில்லை என்றார். வேலி இல்லாமல் எங்கள் ஆட்கள் எதைப் பற்றிச் சண்டை பிடிப்பது என்று அவர் யோசிக்கவில்லை. ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில், புதிய காணியில் முதலில் மாதிரிக்கு ஒன்றைத் தனியாகக் கட்டுவோம், கண்ணால் பார்த்தால் எல்லோரும் கேட்டு வருவார்கள் என்று முடிவாயிற்று.

எனக்கு வேலை கிடைத்தது. பிளான் வாசிக்கத் தெரிந்த மேசன் அங்கே நான் ஒருவன்தான். வாசிக்கத் தெரியும் என்று சொன்னவன் நான் ஒருவன்தான் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். அச்சு செய்து, கலவை போட்டு, பலகையாக வார்த்து, ஈரச் சாக்குப் போட்டு மூடி வைப்போம். ஒரு பலகையை இரண்டு பேர் தூக்கலாம் என்று தாளில் இருந்தது. எந்த இரண்டு பேர் என்று தாளில் இல்லை. நிவாரணப் பருப்பைத் தின்று நின்ற எங்களுக்கு நான்கு பேர் தேவைப்பட்டது. போல்ட் வந்த லொறி சோதனைச் சாவடியில் மூன்று வாரம் நின்றது. இத்தனை இரும்பு எதற்கு என்று கேட்டார்களாம். வீடு பூட்ட என்றால் எவன் நம்புவான்? வீட்டைக் கட்டுவார்கள், பூட்டமாட்டார்கள். ஆறு நாளில் முடிய வேண்டிய வீடு மூன்று மாதம் எடுத்தது. அதுவும் ஆராய்ச்சிக்கு உதவும் என்று அவர் சந்தோசப்பட்டார்.

முடிந்த பிறகு சனம் வந்து பார்த்தது. தட்டிப் பார்த்தது. சுற்றிச் சுற்றி நடந்து பார்த்தது. "நல்லாத்தான் கிடக்கு" என்று சொல்லிவிட்டுத் தகரக் கொட்டிலுக்குத் திரும்பிப் போனது. ஒருவரும் எனக்கு என்று கேட்கவில்லை.

நான் கேட்டேன். உன் முதுகைப் பார்த்துத்தான் கேட்டேன், கடைக்குட்டி. இதை மட்டும் நம்பு.

அன்று இரவு அம்மாவிடம் சொன்னேன். அவள் மூலையைப் பற்றிக் கேட்கவில்லை, கட்டிலை எங்கே போடுவது என்று கேட்கவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"வீடு ஆர்ட பேரில வரும்?"

"அது ஒரு பேர்தானே, புள்ள. கடுதாசியில எந்தப் பேர் இருந்தா என்ன?"

"அப்ப என்ட பேரை எழுதுங்க."

"ஓம், சொல்லுறன்."

வீட்டுக்கும் காணிக்கும் பதிவு எடுக்க வந்தவர் மர நிழலில் மேசை போட்டு இருந்தார். கடைக்குட்டி, அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்: "குடும்பத் தலைவர் ஆர்?"

பிள்ளைகளே, நான் கல்யாணம் முடித்துப் பத்து வருடமாகியிருந்தது. அதுவரைக்கும் என்னை யாரும் எதற்கும் தலைவர் என்று சொன்னதில்லை. மேசன் என்றார்கள், மாப்பிள்ளை என்றார்கள், கடன்காரன் என்றும் ஒரு கடையில் சொன்னார்கள். தலைவர் என்று கேட்டவுடன் என் வாய் என்னைக் கேட்காமலே "நான்தான்" என்றது. பின்னால் திரும்பிப் பார்த்திருக்கலாம். வீடு மனிசி பேரில் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த மேசைக்கு முன்னால் அப்படிச் சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்று நினைத்தேன். வீட்டைத் தன்னுடையது என்று சொன்னால் சிரிக்கிற ஊரில், தன்னுடையதில்லை என்று சொல்லவும் வெட்கப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கையெழுத்துப் போட்டேன். நேராக, அழகாகப் போட்டேன்.

உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. களுவாஞ்சிக்குடியிலிருந்த என் அண்ணனிடம், "என்ட பேரில ஒரு வீடு வந்திருக்கு" என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. "பொஞ்சாதி செத்துப்போயிட்டாவா?" என்று கேட்டான்.

அம்மா சண்டை பிடிக்கவில்லை. அழவில்லை. குடிவந்தாள், பால் காய்ச்சினாள். அடுத்த நாள் காலையில் சொன்னாள்: "உங்கட வீட்டுக் கதவு உரசுது. பாருங்க."

அன்றிலிருந்து அப்படித்தான். உங்கட வீட்டுக்குள்ள எறும்பு. உங்கட வீட்டுச் சுவரால மழை வருது. கட்டிலை மூலையில் தள்ளிப் போட்டால் சுவருக்கும் கட்டிலுக்கும் இடையில் ஆப்பு மாதிரி ஓர் இடைவெளி வரும். சின்னவளே, நீ அதற்குள் இரண்டு தடவை விழுந்தாய். "உங்கட வீடு பிள்ளையை விழுங்கிட்டு, வந்து எடுங்க" என்று அம்மா குசினி அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். குரலில் கோபமே இருக்காது. வாடகைக்கு இருக்கிற ஒரு மரியாதையான பெண் வீட்டுக்காரரிடம் முறையிடுகிற மாதிரி இருக்கும்.

பிறகு சண்டை வந்தது. வாகரைப் பக்கமெல்லாம் குண்டு விழ, நாம் வாவியைக் கடந்து, காட்டால் நடந்து, எங்கெங்கோ முகாம்களில் இருந்தோம். மூத்தவளுக்கு ஞாபகம் இருக்கும், அதனால் அதையும் எழுதவில்லை. பல மாதங்களின் பின் திரும்பி வந்து பார்த்தால் வீடு நின்றது. கூரை இல்லை. பின்பக்கச் சுவரில் நான்கு பலகை இல்லை. உடைக்கவில்லை, குண்டும் படவில்லை. யாரோ நட்டுச் சாவி போட்டு, போல்ட்டைக் கழற்றி, பக்குவமாக எடுத்துப் போயிருந்தார்கள். கழற்றலாம், திரும்பப் பூட்டலாம் என்று அந்தப் பெரிய மனிதர் படம் போட்டுப் படம் போட்டு விளக்கியதை எங்கள் ஊரில் சரியாக விளங்கிக்கொண்டவர் அந்தக் கள்ளர் ஒருவர்தான்.

ஒரு பலகையை மீன்கார அக்காவின் கிணற்றடியில் கண்டேன். உடுப்புத் துவைக்கிற கல்லாக இருந்தது.

"இது எங்கட சுவர் மாதிரிக் கிடக்கே, அக்கா?"

"ஓம்டா தம்பி, காத்தில பறந்து வந்து விழுந்திட்டு. நல்ல சாமான். தேனீயே கண்டுபிடிச்ச சாமானெல்லோ."

நான் அதைக் கேட்டு வாங்கவில்லை. அவவுடைய கொட்டிலில் சுவரே இல்லை. நம் சுவரின் ஓட்டையை மண் கல்லால் அடைத்தேன். அந்த இடம்தான் இன்றைக்கும் மழை வராத ஒரே இடம்.

சண்டை முழுவதுமாக முடிந்து அடுத்த வருடம் என்று நினைக்கிறேன், கட்டடக் கலைஞர் திரும்ப வந்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. நம்மை உயிரோடு கண்டதும் அவர் கண் கலங்கியது, நான் பார்த்தேன். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அதில் ஐந்து முகம் கீறியிருந்தது. சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம்வரை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு முகத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். குடியிருந்தவர்களின் திருப்தியை அளக்கிறாராம். சுனாமி, சண்டை, முகாம், கூரை இல்லாத மாரி எல்லாவற்றையும் அந்த ஐந்து முகத்துக்குள் அடக்க வேண்டும்.

நான் எல்லாவற்றுக்கும் நடு முகத்தைத் தொட்டேன். அதுதான் மரியாதை. பிறகு அம்மாவிடம் கேட்டார்.

"உங்கள் வீடு உங்களுக்குப் பிடிச்சிருக்கா அம்மா?"

அம்மா தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்தாள். "எனக்கு எங்க சேர் வீடு? என்ட வீடு கடலோட போயிட்டு. இது அவர்ட வீடு. நான் இரிக்கன்."

அவர் பேனையை எடுத்தார். "இத்தனை வருசம் இருந்தும் சொந்த வீடு எண்ட உணர்வு வரயில்லையா?"

"எப்படி வரும்?"

"எனக்கு விளங்குது," என்றார். விளங்கிவிட்டது என்று நானும் நம்பினேன். இந்தா, இப்போது என்னைப் பார்த்து ஏன் ஐயா இப்படிச் செய்தீர் என்று கேட்கப் போகிறார் என்று தலையைக் குனிந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவர் மூலையைப் பார்த்தார்.

"கோணம்தான் காரணம். நூற்றிருபது பாகைக் கோணத்தில மனிசருக்கு ஒட்டுதல் வராது போல. அடுத்த மாதிரியை எட்டுப் பக்கமாகச் செய்து பாக்கப் போறன்."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்க வேண்டும், அத்தனை பெரிய பகிடி அது. ஆனால் ஒரு பெண் வெளி மனிதரிடம், தன் வாயால், எனக்கு வீடில்லை என்று சொல்லிவிட்டாள். அவரோ பழியை மூலையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். மூலை என்ன பாவம் செய்தது? அன்று வரைக்கும் நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒழுகுது என்றால் போல்ட்டில் பிழை, உரசுது என்றால் கதவில் பிழை. கையெழுத்தில் பிழை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அடுத்த நாள் காலை பஸ் ஏறிப் பிரதேச செயலகத்துக்குப் போனேன். காணிப் பகுதியில் இருந்தவர் என் அனுமதிப்பத்திரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன பிரச்சினை?"

"பேர் மாத்த வேணும், ஐயா. மனிசிட பேருக்கு."

"ஏன், பிரிஞ்சிட்டீங்களா?"

"இல்ல ஐயா."

"நோய் நொடி ஏதும்?"

"இல்ல. இது அவவுக்கு வர வேண்டிய வீடு. நான் பிழையாக் கையெழுத்துப் போட்டுட்டன்."

அவர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பயந்த மாதிரியே அவர்கள் சிரித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் இத்தனை வருடம் போயிற்று என்பதை நினைக்க எனக்கே கேவலமாக இருந்தது.

"இப்போதைக்கு மாத்த ஏலாது. பத்திரம் குடும்பத் தலைவர் பேரிலதான். ஆனா உமக்குப் பிறகு காணி ஆருக்கெண்டு பதியலாம். பதியாட்டி மூத்த மகனுக்குத்தான் போகும்."

"மகனுக்கா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோபிக்காதே கடைக்குட்டி. நீயும் ஒருநாள் ஒரு பையோடு எங்கேயாவது போகப்போகிறவன்தானே. உன் அக்காமார் நிற்க இடமில்லாமல், உனக்கு ஒரு வீடு வரவிருந்தது. நான் போட்ட ஒரு கையெழுத்து அவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவே இல்லை.

அந்த இடத்திலேயே அம்மாவின் பெயரைப் பதிந்தேன். அவளுக்குப் பிறகு எந்த மகளுக்கு என்பது அவள் முடிவு செய்ய வேண்டியது. நான் அதில் வாய் வைக்கமாட்டேன். நீங்களும் என்னிடம் கேட்காதீர்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கை நிற்கவில்லை.

"அப்ப நீங்க செத்தாத்தான் வீடு எனக்கு?"

"ஓம். சட்டம் அப்படித்தானாம்."

"இண்டைக்குச் சோத்தில என்னமும் போடட்டா?"

"இண்டைக்கு வேணாம். நல்ல மீன் வாங்கி வந்திருக்கன்."

அவள் சிரித்தாள். வாய்விட்டு, சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு சுளகை மறுபடியும் எடுத்துக்கொண்டு, "வீட்டில உப்பு முடிஞ்சு போச்சு, மறுகா கடைக்குப் போயிட்டு வாங்க" என்றாள். எங்கட வீடு என்றும் சொல்லவில்லை, உங்கட வீடு என்றும் சொல்லவில்லை. நான் இரண்டு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தேன்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா உங்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். வேலை இருக்கிறது என்று சொல்லி நான் நின்றுவிட்டேன். வேலை ஒன்றும் இருக்கவில்லை. நீங்கள் ஒழுங்கைத் தெருவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குசினிப் பக்கம் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்தேன். வளவு கூட்டுகிற ஆண்பிள்ளையை மீன்கார அக்கா கண்டால் ஒரு மாதத்துக்குப் பகிடி போதும். அதனால் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டேன். ஒருவரும் இல்லை. வாசலிலிருந்து தொடங்கி, ஆறு பக்கமும் சுற்றிக் கூட்டினேன். பிறகு வேலிப் படலையை நோக்கிப் பின்பக்கமாக நடந்து, என் கால் அடையாளத்தையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டே வந்தேன். படலைக்கு வெளியே வந்ததும் விளக்குமாற்றை வேலியில் சொருகிவிட்டு, முதல் கால் அடையாளம் வீட்டுக்காரியுடையதாக இருக்கட்டும் என்று ஒழுங்கையோரம் நின்றேன்.